கார் ஹீட்டர் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் வீசினால்: வரிசையாகச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

ஹீட்டரில் சூடு சீராக வரவில்லை என்று சொல்பவர்களில் பலர், அடுத்த கேள்வியாகவே ஹீட்டர் கோரை (எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் சூட்டால் கேபின் காற்றைச் சூடாக்கும் உறுப்பை) மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலான கார்களில் டாஷ்போர்டைக் கழற்றினால்தான் முடியும் அந்த வேலைக்குப் போவதற்கு முன், செலவே இல்லாமலோ ஒரு கேன் கூலன்ட் விலையிலோ முடிந்துவிடக்கூடிய படிகள் பல இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஆகவே இங்கே வரிசைக்கே முதலிடம்.

கனடாவின் ஒண்டாரியோ போன்ற, வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பல வாரம் நிற்கும் இடங்களையும், எஞ்சினின் சூட்டைக் கூலன்ட் வழியாகக் கேபினுக்குள் கொண்டுவரும் பெட்ரோல், டீசல் கார்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது. முழு மின்சாரக் கார்களின் ஹீட்டர் வேறு வகை. அவற்றுக்கு இது பொருந்தாது. ஹைப்ரிட் காரானால், ஆரஞ்சு நிற உறையுள்ள கேபிள் எதையும் தொட வேண்டாம். அது உயர் மின்னழுத்தக் கேபிள்.

1. முன்கூட்டியே தயாராக வைக்க வேண்டியவை

காரின் கையேட்டில் இரண்டு விவரங்களை முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த வகைக் கூலன்ட், மொத்தக் கொள்ளளவு எத்தனை லிட்டர். கூலன்ட்டை நிறத்தைப் பார்த்து வாங்குவது மிகப் பரவலான தவறு. பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, நீலம் என்ற நிறங்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அடையாளம் அல்ல; ஒரே நிறத்தில் வேறு வேறு வேதிக் கலவைகள் விற்கின்றன. ஒத்துவராத இரண்டு வகைகள் கலந்தால் அரிப்புத் தடுப்பு கெடும். சில வேளை கூழாகத் திரண்டு, நீங்கள் நீக்க வந்த அடைப்பை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

கருவிகளில் முக்கியமானது, பொருளைத் தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி. அது இல்லாவிட்டால், காற்றை அளக்கச் சமையலறை வெப்பமானி போதும். இவை தவிர இடுக்கி, ஸ்க்ரூடிரைவர், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பழைய கூலன்ட்டைப் பிடிக்க அகன்ற தட்டு, வாலை வடிகட்டிய நீர் (டிஸ்டில்ட் வாட்டர்), ரேடியேட்டர் வாயில் பொருந்தும் புனல், ஹோஸின் (கூலன்ட் ஓடும் ரப்பர் குழாயின்) உள்விட்டத்துக்கு ஏற்ற ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டுகள் இரண்டு ஆகியவை வேண்டும்.

பெரும்பாலான கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் நஞ்சு. நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும்; சிறிய அளவே உயிரைப் பறிக்கும். தட்டைத் திறந்தபடி விட்டு உள்ளே போகாதீர்கள்.

2. சீரின்மை எந்த வகை என்று கண்டறிதல்

இந்தப் படியில் ஒரு திருகைக்கூடக் கழற்றப் போவதில்லை. ஆனாலும் முழு வேலையிலும் இதுதான் முக்கியமானது என்பேன், ஏனென்றால் 'சூடு சரியாக வரவில்லை' என்ற ஒரே புகாருக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன.

காரைப் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டி எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஏ.சி.யை அணைத்து, வெப்ப அமைப்பை இரு பக்கமும் உச்சத்தில் வைத்து, விசிறியை நடுவேகத்தில் விடுங்கள். விசிறியை முழு வேகத்தில் வைத்து அளப்பது தவறான முடிவைத் தரும். காற்று வேகமாகக் கடக்கும்போது நல்ல ஹீட்டரிலும் சூடு குறைவாகவே தெரியும். இப்போது நான்கு காற்று வாய்களிலும் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள். நன்றாக வேலை செய்யும் ஹீட்டரில் இது பெரும்பாலும் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். இடமும் வலமும் சில டிகிரிக்கு மேல் வேறுபடாது.

ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்று நிலையாக இருந்தால், ஒன்று ஹீட்டர் கோரில் அடைப்பு அல்லது காற்று, இல்லையேல் அந்தப் பக்கத்துக் கலப்புக் கதவில் (சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவில்) கோளாறு.

வண்டி ஓடும்போது சூடாகவும், சிக்னலில் நிற்கும்போது குளிராகவும் வீசினால், கூலன்ட் குறைவு, உள்ளே சிக்கிய காற்று, கூலன்ட்டைச் சுழலவிடும் வாட்டர் பம்ப்பின் தேய்மானம் ஆகிய மூன்றில் ஒன்று. நின்ற நிலையில் பம்ப் மெதுவாகச் சுழல்வதால், பலவீனம் எதுவானாலும் அப்போதுதான் வெளியே தெரிகிறது.

இதற்கு நேர்மாறாக, நெரிசலில் சூடாகவும் நெடுஞ்சாலையில் ஆறிப்போயும் இருந்தால், எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்க வேண்டிய தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே நிற்கிறது. எஞ்சின் வெப்ப முள் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்பதும், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0128 (P0128) என்ற குறியீடு வருவதும் இதை உறுதிப்படுத்தும். பனியில் உறைந்திருந்த காரை எடுக்கும்போது, எஞ்சின் சூடாவதற்குள்ளாகவே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மெல்ல வெதுவெதுப்பாகிறதா என்று பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட், காரைப் பொறுத்து ஏறக்குறைய 82 முதல் 95 டிகிரிக்குள் திறக்கும் வரை அந்த ஹோஸைக் குளிர்ந்தே வைத்திருக்கும். இங்கே தெர்மோஸ்டாட்டை மாற்றினாலே வேலை முடிந்தது. கீழே உள்ளவற்றில் 6, 8 ஆகிய பகுதிகள் மட்டும் போதும்.

நான்காவது, காலுக்கு வரும் காற்றும் முன்கண்ணாடிக்குப் போகும் காற்றும் வேறுபடுவது. சிறிய வேறுபாடு பல கார்களில் வடிவமைப்பிலேயே உண்டு. அதைக் கோளாறு என்று துரத்த வேண்டியதில்லை.

3. கூலன்ட் அளவைப் பார்த்தல்

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் கூலன்ட் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்க் கொதித்து முகத்தில் பீறிடும். ஒரு மணி நேரம் ஆறவைத்தது போதும் என்று எண்ண வேண்டாம். மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் தளர்ந்து கொடுக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது.

பக்கத்துத் தொட்டியில் அளவு சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைபவர்கள் அதிகம். தனியாக ரேடியேட்டர் மூடி உள்ள கார்களில் தொட்டி நிறைந்திருந்தும் ரேடியேட்டர் குறைந்திருக்கலாம். மூடியின் ரப்பர் வளையம் கெட்டால், ஆறும்போது தொட்டியிலிருந்து கூலன்ட்டை உறிஞ்சிக்கொள்ள முடியாது. இரண்டையும் பாருங்கள்.

அளவு குறைந்திருந்தால் நிரப்பி, 6-ஆம் பகுதியில் உள்ளபடி காற்றை வெளியேற்றுங்கள். ஆனால் கூலன்ட் தானாகக் குறைவதில்லை. ஹோஸ் இணைப்புகளிலும் வாட்டர் பம்ப்புக்கு அடியிலும் வெள்ளையாகவோ நிறமாகவோ உப்புப் படிந்ததுபோன்ற தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். முன்பயணியின் காலடிக் கம்பளம் ஈரமாக இருந்து, கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்புப் படலம் படிந்து, கேபினில் இனிப்பு வாடை அடித்தால், ஹீட்டர் கோரே ஒழுகுகிறது. அப்போது கழுவுவதால் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

4. ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களை அளத்தல்

எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் இடையில் உள்ள தகட்டுச் சுவரில் கட்டைவிரல் பருமனுள்ள இரண்டு ரப்பர் ஹோஸ்கள் அருகருகே நுழையும். ஒன்று சூடான கூலன்ட்டை உள்ளே கொண்டுபோகிறது. மற்றது திரும்பக் கொண்டுவருகிறது. கோளாறு நீர் பக்கமா காற்றுப் பக்கமா என்பதை இந்த இரண்டின் வெப்பநிலை சொல்லிவிடும்.

எஞ்சின் சூடாக ஓடும்போது, விசிறி நடுவேகத்திலும் வெப்பம் உச்சத்திலும் இருக்க, சுவரையொட்டிய இடத்தில் இரண்டு ஹோஸ்களையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளக்கவும். கருப்பு ரப்பரின் மேல் அளக்க வேண்டும். பளபளக்கும் உலோகக் கிளாம்பின் மேல் அளந்தால் எண் பொய்யாக வரும். சட்டையின் தொங்கும் கைப்பகுதியும் கழுத்துத் துண்டும் பெல்ட்டுக்கு அருகே போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி எந்த நேரமும் தானாகச் சுழலத் தொடங்கும்.

இரண்டும் நல்ல சூடாக, பத்துப் பதினைந்து டிகிரி வேறுபாட்டுக்குள் இருந்தால், நீரோட்டம் சரி; 5-ஆம் பகுதிக்குப் போங்கள். ஒன்று 85 டிகிரியும் மற்றது 45 டிகிரியும் காட்டினால் கோரின் வழியாகக் கூலன்ட் சொட்டுச் சொட்டாகவே போகிறது என்று பொருள். 6-க்குப் போய், பயன் தராவிட்டால் 7-க்குப் போங்கள். இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் எஞ்சினே சூடாகவில்லை, தெர்மோஸ்டாட்டைச் சோதியுங்கள். சில கார்களில் வழியில் ஒரு ஹீட்டர் வால்வு இருக்கும். வால்வுக்கு முன் சூடு, பின் குளிர் என்றால் குற்றவாளி அதுவே.

பாதி அடைபட்ட கோர் ஏன் ஒரு பக்கத்தை மட்டும் குளிர்விக்கிறது என்பது பலருக்கும் புரியாத இடம். கோர் என்பது சிறிய ரேடியேட்டர். ஓட்டம் குறைந்ததும், உள்ளே வரும் கூலன்ட் முதல் பாதியைக் கடப்பதற்குள் சூட்டையெல்லாம் காற்றிடம் இழந்துவிடுகிறது; அடைபட்ட குழல்கள் சூடாவதே இல்லை. அந்தக் குளிர்ந்த பாதி வழியாக வரும் காற்று எந்தப் பக்கத்து வாய்க்குப் போகிறதோ, அந்தப் பக்கத்தில் அமர்ந்தவர் நடுங்குகிறார்.

5. கலப்புக் கதவைச் சோதித்தல்

ஹீட்டர் பெட்டிக்குள், சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதைத் தீர்மானிக்கும் கதவை மெக்கானிக்குகள் பிளெண்ட் டோர் என்பார்கள். அதைத் திருப்புவது ஆக்சுவேட்டர் எனும் சிறு மின்மோட்டார். இரு பக்கமும் தனித்தனி வெப்பம் வைக்கக்கூடிய காரில் பொதுவாக இரண்டு இருக்கும்.

இடப்பக்கத்தை உச்ச வெப்பத்திலும் வலப்பக்கத்தை உச்சக் குளிரிலும் வைத்து ஒரு நிமிடம் பொறுத்து அளவெடுங்கள். பிறகு மாற்றி வையுங்கள். ஒரு பக்கம் எதற்கும் அசையாமல் ஒரே வெப்பத்தில் நின்றால் அந்தப் பக்கத்துக் கதவு சிக்கியிருக்கிறது. இரு பக்கமும் மாற்றத்துக்கு இணங்கினாலும் ஒன்று மட்டும் உச்சச் சூட்டை எட்டாவிட்டால், சந்தேகம் மீண்டும் கோரின் மேல்தான்.

சோதனையின்போது விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, டாஷ்போர்டுக்குக் காது கொடுங்கள். வெப்பத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் டிக் டிக்கென்று ஒரே சீராகத் தட்டும் ஒலி வந்தால், ஆக்சுவேட்டரின் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்து வழுக்குகிறது. ஒலியே இல்லாவிட்டால், மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அண்மையில் பேட்டரியைக் கழற்றியிருந்தால், உதிரி பாகம் வாங்குவதற்கு முன் கதவுகளின் இருப்பிடத்தைக் கணினிக்கு மறுபடி கற்பியுங்கள். அதன் முறை காருக்குக் கார் வேறுபடும். கையேட்டிலோ அந்த மாடலுக்கான பழுதுநூலிலோ இருக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் கை வைக்கும்போது மஞ்சள் நிற இணைப்பிகளை இழுக்காதீர்கள். அவை ஏர்பேக்கைச் சேர்ந்தவை.

6. சிக்கிய காற்றை வெளியேற்றுதல்

பல கார்களில் கூலன்ட் ஓடும் பாதையிலேயே உயரமான இடங்களில் ஒன்று ஹீட்டர் கோர். காற்று மேலே போகும் என்பதால் அங்கேயே தங்கிவிடுகிறது. வண்டியைக் கிளப்பும்போது டாஷ்போர்டுக்குள் நீர் சலசலக்கும் ஒலி கேட்டால் ஐயமே வேண்டாம்.

ஆறிய காரை முன்சக்கரம் மேட்டில் இருக்கும்படி, சரிவான வழித்தடத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டு வையுங்கள். ரேடியேட்டர் வாய் மிக உயரமான இடமாகிவிட்டால் காற்று அதன் வழியே தானாக வரும். மூடியைத் திறந்து புனலைப் பொருத்தி, புனலின் பாதி வரை கூலன்ட் ஊற்றுங்கள். ஹீட்டரை உச்ச வெப்பத்தில் வைத்த பிறகே எஞ்சினைத் தொடங்க வேண்டும். ஹீட்டர் வால்வு உள்ள காரில் இந்த ஒன்றை மறந்தால், கோரின் வழி மூடியே இருந்து, எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் காற்று வெளியேறாது.

தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிடுங்கள். குமிழ்கள் பொங்கி வரும். புனலில் மட்டம் திடீரென இறங்கும்போது ஊற்றிக்கொண்டே இருங்கள். சில கார்களில் காற்றுத் திருகு தனியாக இருக்கும். அதைத் தளர்த்தி, குமிழற்ற நீர் வந்ததும் மூடவும். குளிருக்கு அஞ்சிக் கராஜின் கதவை மூடிக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. எஞ்சின் புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை.

குமிழ் நிற்கவே நிற்காமல் வந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். எஞ்சினுக்குள் எரிந்த வாயு, எஞ்சினின் மேற்பகுதியைக் கசிவின்றி அடைக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட்டுக்குள் கசிகிறதோ என்று சோதிக்க வேண்டும். அதற்கான நீலத் திரவம் உள்ள சோதனைக் குழாய் உதிரி பாகக் கடைகளில் கிடைக்கும்; எரிந்த வாயு பட்டால் பெட்ரோல் எஞ்சினில் திரவம் மஞ்சளாகும்.

7. ஹீட்டர் கோரைத் தலைகீழாகக் கழுவுதல்

காற்றை வெளியேற்றிய பிறகும் ஹோஸ்களின் வேறுபாடு குறையாவிட்டால் மட்டுமே இந்தப் படி. இதை ஐப்பசியிலேயே முடித்துவிடுவது நல்லது. ஒண்டாரியோவில் வீட்டுக்கு வெளியே உள்ள குழாயைக் குளிர்காலத்துக்காக உள்ளிருந்து அடைத்துவிட்ட பிறகு, தண்ணீருக்கே வழியிராது. தவிர, கழுவிய நீர் கோருக்குள் நின்று உறைந்தால் குழல்கள் வெடிக்கும்.

எஞ்சின் ஆறியிருக்க, ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து, ஹீட்டர் ஹோஸ்களின் மட்டத்துக்குக் கீழே போகுமளவு கூலன்ட்டைத் தட்டில் வடியுங்கள். எது உள்ளே போவது, எது திரும்புவது என்று இரண்டு நிற டேப் ஒட்டி அடையாளமிடுங்கள். கிளாம்பை இடுக்கியால் அழுத்திப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

இப்போது பொறுமை வேண்டும். பல ஆண்டு ஒட்டிக்கிடந்த ஹோஸை முறுக்கி இழுப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் மிக விலையுயர்ந்த தவறு. கோரின் குழாய் முனை மெல்லிய உலோகம். சில கார்களில் பிளாஸ்டிக். அது வளைந்தாலோ உடைந்தாலோ டாஷ்போர்டு இறங்கியே தீரும். ஹோஸ் அசையாவிட்டால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள், கத்தி முனை குழாயைக் கீறாதபடி. புது ஹோஸ் மலிவு.

இரண்டு முனைகளிலும் ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டுகளை மாட்டி, கூலன்ட் திரும்பி வரும் முனை வழியாகத் தண்ணீரை விடுங்கள். வழக்கமான திசையில் விட்டால் கசடு குறுகிய இடத்தில் இன்னும் இறுகும். எதிர்த்திசையில் விட்டால் வந்த வழியே வெளியேறும். நகரக் குழாயின் முழு அழுத்தத்தைக் கொடுக்காதீர்கள், பழைய கோர் தாங்காது. குழாயைக் கால் திருப்பு மட்டும் திறந்து, மறுமுனையை வாளிக்குள் விடுங்கள். முதலில் எஞ்சிய கூலன்ட் நிறத்துடன் வரும். பிறகு ஒரு கணம் தெளிந்ததுபோல் தோன்றி, அதன் பின் துருநிறக் கூழும் செதில்களும் கட்டி கட்டியாகக் குழாய்க்குள் நகர்வதைக் காணலாம். அந்த இடைத் தெளிவைப் பார்த்து நிறுத்திவிடுபவர்கள் உண்டு. திசையை மாற்றி மாற்றி விட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நீர் தெளிவாகவே வரும்வரை தொடருங்கள்.

கசடு பிடிவாதமாக இருந்தால், அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று எழுதியுள்ள கூலிங் சிஸ்டம் கிளீனரை, புட்டியில் சொன்ன நேரம் மட்டும் கோருக்குள் நிறுத்திவைத்து நன்றாக அலசுங்கள். சமையலறைக் குழாயின் அடைப்பு நீக்கும் காரத்தூளை நினைத்தும் பார்க்க வேண்டாம். அது அலுமினியத்தையே கரைக்கும்.

முடிந்ததற்கு அடையாளம் நீரின் தெளிவு மட்டுமல்ல, ஓட்டமும்தான். ஒரு முனையில் புனல் வைத்து ஒரு குவளை நீரை ஊற்றினால், அது தேங்காமல் மறுமுனையில் அதே வேகத்தில் கொட்ட வேண்டும். பிறகு வாயால் ஊதி மிச்ச நீரை வெளியேற்றுங்கள். இதற்கெனச் சுத்தமான குழாய்த் துண்டு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய கூலன்ட்டையும், முதலில் வந்த நிறமுள்ள நீரையும் மழைநீர் வடிகாலில் ஊற்றாமல், கேனில் அடைத்து நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுக்க வேண்டும்.

8. சரியான கலவையில் நிரப்புதல்

கடைகளில் ஏற்கெனவே நீர் கலந்ததும், கலக்காத செறிவானதும் அருகருகே இருக்கும். கேனைப் படித்து வாங்குங்கள். எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி நீரில் கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கூலன்ட் அதிகமானால் இன்னும் நல்லது என்று கருதிச் செறிவானதை மட்டும் ஊற்றுவது தவறு. தூய எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரிக்கு அருகிலேயே உறையத் தொடங்கும். தண்ணீர் சேர்வதால்தான் அதன் காப்பு கூடுகிறது.

முழு அமைப்பையும் கழுவியிருந்தால், வடித்த பிறகும் எஞ்சின் பிளாக்கில் கணிசமான தண்ணீர் தங்கியிருக்கும். அதன் மேல் நீர் கலந்த கூலன்ட்டை ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். ஆகவே கொள்ளளவு 7 லிட்டர் என்றால், முதலில் செறிவான கூலன்ட் 3.5 லிட்டர், பிறகு வாலை வடிகட்டிய நீர் எவ்வளவு கொள்கிறதோ அவ்வளவு என்பதே வரிசை. கடைசியில், கூலன்ட்டின் உறைநிலையைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். பிறகு 6-ஆம் பகுதியில் சொன்னபடி காற்றை வெளியேற்றி, 2, 4 ஆகிய பகுதிகளின் அளவுகளை மறுபடி எடுத்துப் பழையவற்றோடு ஒப்பிடுங்கள். மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டம் சிறிது இறங்கியிருப்பது இயல்பு. ஒரு வாரத்துக்குப் பிறகும் இறங்கினால் கசிவைத் தேட வேண்டும்.

9. செய்யக்கூடாதவையும், மெக்கானிக் கடைக்குப் போக வேண்டிய நிலையும்

கசிவை அடைக்கும் பொடியையோ திரவத்தையோ ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. கோரின் ஊசிபோன்ற குழல்களிலும் படிகிறது. ஏற்கெனவே ஊற்றப்பட்ட காரை வாங்கியிருந்தால், ஒரு முறை கழுவுவது போதாமலும் போகலாம்.

கழுவியும் ஹோஸ்களின் வேறுபாடு குறையவில்லை, காற்றும் இல்லை, எஞ்சின் வேகத்தை ஏற்றினால் மட்டும் சூடு வருகிறது என்றால், வாட்டர் பம்ப்பைச் சோதிக்கக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஓட்டம் கோரிலேயே தடைபட்டால் கோர் மாற்ற வேண்டியதுதான். எத்தனை மணி நேர வேலை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.

ஒழுகும் கோரைத் தவிர்த்து, இரண்டு ஹோஸ்களையும் ஒரு குழாயால் நேராக இணைத்துவிட்டு ஓட்டலாம் என்ற யோசனையும் உங்களுக்கு வரும். காரைக் கடை வரை கொண்டுபோக அது உதவும். அந்த நிலையில் முன்கண்ணாடியின் பனியை உருக்கச் சூடான காற்று அறவே இராது. ஆதலால் பனி பெய்யும் நாளில் அந்தக் காரைச் சாலைக்கு எடுக்காமல், இழுவண்டியில் அனுப்புங்கள்.